புஹாரி ஹாஜியார் வீட்டு நுரையீரல்

பதுளை பஸாரில் புகையிலை விற்ற குடும்பங்கள் பல இருந்தன. விற்ற புகையிலையை ஒரு நாளும் வாயில் வைக்காத குடும்பம் ஒன்றுதான் இருந்தது. அது புஹாரி ஹாஜியாரின் குடும்பம். இதை அவர் பெருமையடிப்பதற்காகச் சொல்வதில்லை. வழி கேட்டவருக்கு வீட்டு அடையாளம் சொல்வதுபோலச் சொல்வார்.

கீழே கடையும் கிடங்கும், மேலே வீடு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புகையிலைச் சிப்பங்கள் கிடங்கின் கூரையை முட்டிக் கிடக்கும். சுற்றுவட்டாரத் தேயிலைத் தோட்டங்களுக்கெல்லாம் அங்கிருந்துதான் சரக்குப் போகும். ஆனால் கடைப்படியில் நின்றுகொண்டு யாராவது நெருப்புக்குச்சியை உரசினால் போதும், உரசியவர் எவ்வளவு பெரிய கங்காணியாக இருந்தாலும், "றோட்டுக்கு இறங்கிக் குடிங்க" என்று சொல்லிவிடுவார். விற்பது தொழில், குடிப்பது பழக்கம். தொழிலில் வெட்கமில்லை, பழக்கத்தில் இருக்கிறது என்பது அவர் கட்சி. நாற்காலியில் அமர்ந்தாலும் முதுகைச் சாய்க்காமல் அமர்ந்து, இந்தக் கட்சியை அறுபது வயதுவரை பிசகாமல் காத்து வந்தார்.

அதில் மண்ணைப் போட்டது ஓர் அரசாங்க நிறுவனம்.

மகாவலி ஆற்றை மறித்துப் புதிய அணைகள் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. அணைகளின் அடியில் இறங்கிக் கதவுகளைப் பார்க்கச் சுழியோடிகள் தேவை என்று மேலிடத்தில் யாருக்கோ தோன்றிற்று. முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு நீருக்கடியில் வேலை செய்யும் ஆட்கள். அவர்களைப் பழக்குவதற்கு ஒரு நிலையம் வேண்டும். நிலையத்துக்கு ஒரு கட்டடம் வேண்டும். கடல் இருந்த ஊர்களில் கட்டடம் கிடைக்கவில்லை. ஹாலிஎலவுக்கு மேலே மூடிக் கிடந்த தேயிலைத் தொழிற்சாலை ஒன்று கிடைத்தது. அங்கே கடல் இல்லை. கட்டடத்தை முதலில் எடுத்துக்கொள்வோம், கடலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தீர்மானித்து, தொழிற்சாலையின் நெற்றியில் சுழியோடிகள் பயிற்சி நிலையம் என்று பெயர் எழுதினார்கள். உள்ளே பெரிய சீமெந்துத் தொட்டி ஒன்று கட்டப்பட்டது. அதில் தண்ணீர் நிரப்புவது வேறொரு திணைக்களத்தின் பொறுப்பு. ஆகவே மாணவர்கள் உலர்ந்த தொட்டியில் வயிற்றால் ஊர்ந்து நீந்தினார்கள்.

ஹாஜியாரின் ஒரே மகன் ஷுக்ரி அந்த நிலையத்தில் சேர ஆசைப்பட்டான். அவனுக்குக் கடை பிடிக்காது, ஆறு பிடிக்கும். பதுலு ஓயாவில் கவிழ்ந்த லொறிக்குள் மூழ்கிப்போய்ச் சாரதியை உயிரோடு இழுத்து வந்தவன் அவன். தண்ணீருக்குள் இருக்கும்போதுதான் அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும் என்று அவனுடைய உம்மா ஸுபைரா சொல்வாள்.

ஹாஜியார் சம்மதித்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. பண்டாரவளையில் புடைவைக் கடை வைத்திருந்த ஸரூக் ஹாஜியாரின் இளைய மகள் காமிலாவை ஷுக்ரிக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஸரூக் தம் மூத்த மகளை ஒருவனுக்குக் கொடுத்து, அவன் சிகரட் குடிப்பதை மறைத்துவிட்டான் என்று பிற்பாடு தெரிந்து, நெஞ்சு வெந்துபோனவர். குடிப்பது கூடப் பெரிதில்லை, மறைத்ததுதான் அவருக்கு ஆறவில்லை. "உங்கட குடும்பம் என்டதால தான் நான் ரெண்டாவது பேச்சுப் பேசல்ல" என்று அவர் சொன்னபோது, புஹாரி ஹாஜியாரின் முதுகு இன்னும் ஓர் அங்குலம் நிமிர்ந்தது. அரசாங்கமே பரிசோதித்து இவன் நுரையீரல் சுத்தம் என்று சொன்னால், அது சீதனத்தைவிடப் பெரிய சீர் அல்லவா?

பரிசோதனை நாளன்று ஒவ்வொரு விண்ணப்பதாரியுடனும் வீட்டுப் பெரியவர் ஒருவர் வரவேண்டும் என்று கட்டளை. ஹாஜியார் தொப்பியும் கோட்டும் அணிந்து போனார். பணிப்பாளர் நல்லையா அனைவரையும் உலர்ந்த தொட்டியைச் சுற்றி அமரச் செய்து உரையாற்றினார்.

"பெரியோர்களே! கடல் உள்ள இடத்தில் சுழியோடியை உண்டாக்க எந்த மீனவனாலும் முடியும். கடல் இல்லாத இடத்தில் உண்டாக்குவதற்குத்தான் நிர்வாகம் தேவை. இப்போது சுகாதாரத்துக்கு வருகிறேன். புகைக்கிறவனின் நுரையீரலில் சளி கட்டுகிறது. காற்றுப் போகும் சிறு வழிகள் அடைபடுகின்றன. ஆழத்தில் அவன் இழுத்த காற்று அந்த அடைப்புக்குள் சிறைப்படுகிறது. அவன் மேலே வர வர அந்தக் காற்று விரிகிறது. வெளியேற வழியில்லை. நுரையீரல் கிழிகிறது."

இந்த இடத்தில் அவர் நிறுத்தி, சட்டைப் பையிலிருந்து ஒரு சிகரட்டை எடுத்துப் பற்றவைத்துக்கொண்டார்.

"ஆகவே புகைக்கிற ஒருவனும் இந்தப் படியைத் தாண்டக் கூடாது. நான் இருபது வருடமாகப் புகைக்கிறேன். அதன் தீமையை அறிய என்னைவிடத் தகுதியானவர் இத்திணைக்களத்தில் இல்லை என்பதாலேயே என்னை இங்கே நியமித்தார்கள். நான் நீரில் இறங்குவதுமில்லை. நிர்வாகம் எப்போதும் கரையிலேயே நிற்க வேண்டும்."

கைதட்டினார்கள். ஹாஜியாரும் தட்டினார். பணிப்பாளர் சொன்ன மருத்துவம் எல்லாம் உண்மை. அதில் எங்கே பிழை என்று ஹாஜியாருக்குப் பிடிபடவில்லை.

முதல் அறையில் மூச்சடக்கும் சோதனை. நிலையத்தின் நேரங்காட்டியை இருப்பில் பதிவதற்காகக் கொழும்புக்கு அனுப்பியிருந்தார்கள். அது திரும்பி வரவில்லை. சுவரில் பழைய தொழிற்சாலைக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அது தோட்டத்தின் சொத்து, தோட்டத்து நேரத்தைத்தான் காட்டும், அரசாங்க நேரத்தைக் காட்டாது. எனவே தற்காலிக ஏற்பாடாக, ஒரு சிகரட்டின் நடுவில் பென்சிலால் கோடு போட்டு, அந்தக் கோடுவரை நெருப்பு வரும் நேரத்தை அளவாக வைத்திருந்தார்கள். பரிசோதகர் சிகரட்டைப் பற்றவைத்து இழுப்பார். எதிரில் அமர்ந்தவன் மூச்சை அடக்குவான். காற்று வந்தால் நெருப்பு வேகமாக எரிந்து அளவு கெடும் என்பதால் ஜன்னல்கள் எல்லாம் சாத்தப்பட்டிருந்தன.

ஷுக்ரி உள்ளே போனபோது பத்துப் பன்னிரண்டு பேரை அளந்து முடித்திருந்தார்கள். அறைக்குள் பரிசோதகர் எங்கே, மேசை எங்கே என்று தெரியவில்லை. அவன் கோட்டைத் தாண்டியும் அடக்கினான். பரிசோதகர் இரண்டாவது சிகரட்டைப் பற்றவைத்தார். அதன் கோடும் தாண்டிற்று.

"போதும் தம்பி, போதும்" என்று பரிசோதகர் இருமினார். "எனக்கு நெஞ்சு அடைக்குது."

இரண்டாவது அறையில் புகை முகரும் சோதனை. அதற்குப் பொறுப்பானவர் தம்பையா. முன்பு இதே தொழிற்சாலையில் தேயிலை ருசி பார்த்தவர். தொழிற்சாலை மூடியபோது அவரையும் கட்டடத்தோடு சேர்த்து நிலையத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். தொழில் மாறினாலும் முறை மாறவில்லை. விண்ணப்பதாரியின் சட்டையைக் கழற்றி வாங்கி, வெள்ளைக் கிண்ணங்கள் வரிசையாக இருந்த நீண்ட மேசையில் விரித்து, குனிந்து, சூடான தேநீரை உறிஞ்சுவதுபோல் பெரும் சத்தத்தோடு காற்றை உறிஞ்சுவார். வாய்க்குள் உருட்டுவார். பக்கத்திலிருந்த உயரமான பித்தளைப் படிக்கத்தில் துப்புவார். பிறகு தரம் சொல்வார்.

ஷுக்ரிக்கு முன்னால் நின்றவன் ரெங்கசாமி. பக்கத்துத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், இருப்பவன். நாளுக்கு ஒரு கட்டு பீடி ஊதுகிறவன் என்பது அவனுக்குச் சரக்கு விற்ற ஹாஜியாருக்குத் தெரியும். தம்பையா அவன் சட்டையை உறிஞ்சினார், உருட்டினார், துப்பினார்.

"விறகுப் புகை. லயத்துச் சமையல். ஈர விறகு. அனுமதிக்கலாம்."

ரெங்கசாமி ஹாஜியாரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனான்.

ஷுக்ரியின் சட்டையில் தம்பையா நெடுநேரம் தங்கினார். மூன்று தரம் உறிஞ்சினார். அவருடைய முகத்தில் பழைய தொழிலின் ஆனந்தம் படர்ந்தது.

"மூன்று படை இருக்கிறது. மேல் படை புதுச் சிகரட், அது நம்முடைய அலுவலகப் புகை, கணக்கில் வராது. அதற்குக் கீழே யாழ்ப்பாணச் சுருட்டு. அதற்கும் கீழே..." கண்ணை மூடிக்கொண்டார். "பழைய காம்புப் புகையிலை. ஒரு தலைமுறைக்கு உரியதல்ல. இது பரம்பரைப் புகை."

"அது எங்கட கிடங்கு மணம்" என்றார் ஹாஜியார். "கீழ புகையிலை ஈக்குது, மேல நாங்க ஈக்கிறோம். உடுப்பெல்லாம் அங்கதான் காயுது. என்ட மகன் பீடியக் கையால தொட்டதில்ல."

"புகைக்கிற எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள் ஹாஜியார்" என்று தம்பையா இரக்கத்தோடு சொன்னார். "சொல்லாதவர்கள் ஒருவரும் இல்லை. அதுவே நமக்கு ஓர் அடையாளம்."

மறுநாள் பஸ் நிலையத்துக்கு எதிரே, பஸாரின் முனையில், ஒரு கரும்பலகை முளைத்தது. பொதுமக்களின் சுகாதார அறிவுக்காக அதில் புகைக்கிறவர்களின் பெயர்களைச் சோக்கட்டியால் எழுதியிருந்தார்கள். பட்டியலில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது, ஏனென்றால் மற்ற எல்லோருக்கும் விறகுப் புகை. "ஷுக்ரி. தகப்பன் பெயர் புஹாரி. பரம்பரைப் புகை" என்று அழகான கையெழுத்து.

அன்று முழுவதும் கடைக்கு வழக்கத்தைவிட அதிகமாக ஆள் வந்தது. வந்தவர்கள் ஒன்றும் வாங்கவில்லை. எதிர்த்த கடைக்காரர், "என்ன ஹாஜியார், சரக்க வீட்டுக்குள்ளேயே முடிச்சிட்டீங்களோ? ஊருக்கு ஈக்குதா?" என்று கேட்டுச் சிரித்தார். முந்தின நாள்வரை ஹாஜியாரின் படியில் நின்று சிரிக்கப் பயந்தவர் அவர்.

"வாப்பா, நான் விண்ணப்பத்த வாபஸ் வாங்குறேன்" என்றான் ஷுக்ரி. "எனக்கு அந்த வேலை வேணாம்."

"வேல போனாப் போகட்டும்" என்றாள் ஸுபைரா. "பேர் போகுமா? நாளைக்கு ஸரூக் ஹாஜியார் சந்தைக்கு வாற நாள்." கொஞ்சம் பொறுத்து, அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நாப்பது வருசமா ஊருக்கெல்லாம் புகைய வித்தோம். ஒரு நாளைக்கு அது வீட்டுக்குத் திரும்பி வராதா?"

ஹாஜியார் அன்று சோறு தின்னவில்லை.

ஸரூக் வந்தார். பலகையைப் பார்த்துவிட்டுத்தான் வந்தார். தேநீர் கொடுத்தார்கள், தொடவில்லை.

"ஹாஜியார், எனக்கு ஒன்டுதான் வேணும்" என்றார். "குடிக்கிறானா, இல்லையா? குடிக்கிறான்டா குடிக்கிறான்டு செல்லுங்க. இல்லாட்டி அந்தப் பேர அழிச்சுக் காட்டுங்க. மூத்தவளுக்கும் இப்பிடித்தான், இல்ல இல்லன்டு சத்தியம் பண்ணிக் குடுத்தாங்க."

"அழிச்சுக் காட்டுறேன்" என்றார் புஹாரி ஹாஜியார்.

அவர் நிலையத்துக்குப் போனார். உலர்ந்த தொட்டியில் மாணவர்கள் நீந்திக்கொண்டிருந்தார்கள். ரெங்கசாமி முதுகில் சிலிண்டரோடு முழங்கையால் தவழ்ந்து வந்து, "வாங்க மொதலாளி, தண்ணி எப்பிடி?" என்று கேட்டான். பயிற்றுநர் அதட்டினார்: "நீருக்கடியில் பேசக் கூடாது!"

பணிப்பாளர் நல்லையா ஹாஜியாரை மரியாதையோடு அமரவைத்தார்.

"ஹாஜியார், உங்கள் மகன் புகைக்கவில்லை என்கிறீர்கள். நான் நம்புகிறேன். ஆனால் நம்பிக்கையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? எங்களிடம் இரண்டு வகைதான் உண்டு. புகைக்கிறவர், புகைப்பதை விட்டவர். புகைக்காதவர் என்று ஒரு வகை இல்லை."

"ஏன் இல்ல?"

"அவர்களால் எங்களுக்கு ஒரு வேலையும் இல்லையே."

ஹாஜியார் கேட்டார்: "அவன் விண்ணப்பத்த வாபஸ் வாங்கினா?"

"விண்ணப்பம் அவருடையது, வாங்கிக்கொள்ளலாம். புகை எங்களுடையது. நாங்கள் கண்டுபிடித்தது. அதைத் திருப்பிக் கொடுக்க முடியாது. ஒரு புகையைக் கண்டுபிடித்தால் அதற்குச் சொந்தக்காரர் ஒருவர் பலகையில் இருந்தாக வேண்டும்."

"சொந்தக்காரன் கிடங்கு. வந்து பாருங்க."

"கிடங்கை எப்படி விசாரணைக்கு அழைப்பது?" நல்லையா ஒரு சிகரட்டைப் பற்றவைத்துக்கொண்டு, புகையை ஹாஜியாரின் கோட்டின் மேல் படாதபடி பக்கவாட்டில் விட முயன்று தோற்றார். "ஹாஜியார், நானும் தகப்பன்தான். உங்கள் மகனை நான் குற்றம் சொல்லவே இல்லை. பரம்பரைப் புகை என்றுதான் எழுதச் சொன்னேன். பரம்பரையில் வேறு ஒருவர் முன்வந்து, இது என்னுடைய புகை என்று ஏற்றுக்கொண்டால், பிள்ளையின் சட்டையில் இருப்பது ஒட்டின புகை ஆகிவிடும். ஒட்டின புகைக்குத் தடை இல்லை. விதியில் இடம் இருக்கிறது."

தொட்டியில் சிலிண்டர்கள் சீமெந்தில் உரசும் சத்தம் கேட்டது. புஹாரி ஹாஜியார் தம்முடைய வாப்பாவை நினைத்தார். அந்த வாப்பாவின் வாப்பாவையும் நினைத்தார். பொய் சொல்லாத குடும்பம், புகை குடிக்காத குடும்பம் என்று அவர்கள் வைத்துவிட்டுப் போன இரண்டையும் சேர்த்துக் காப்பாற்ற வழியே இல்லை என்பது அவருக்கு விளங்கிற்று. மகனைக் காப்பாற்ற வழி இருந்தது.

"அப்ப அது என்ட புகை" என்றார்.

"மிக்க சந்தோஷம்" என்றார் நல்லையா. "நிரூபிக்க வேண்டும்."

நிரூபிப்பதென்றால், நல்லையாவும் தம்பையாவும் அடங்கிய குழுவின் முன் அமர்ந்து ஒரு முழுச் சுருட்டைக் குடித்துக் காட்ட வேண்டும். இதைக் கேட்ட ஷுக்ரி அழுதான். "வாப்பா, ஊர் என்ன வேணும்னாலும் செல்லட்டும். நீங்க போகாதீங்க." ஹாஜியார் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போனார்.

முதல் தடவை அது படுதோல்வியில் முடிந்தது. சுருட்டின் எந்தப் பக்கத்தை வாயில் வைப்பதென்று அவருக்கு விற்பனையால் தெரியும். அதற்கு மேல் தெரியாது. முதல் இழுப்பிலேயே கண் பிதுங்கி, இருமி, நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் முதுகு வளைந்ததைப் பதுளையில் முதன்முதலாகப் பார்த்தவர்கள் அந்தக் குழுவினர்தான். தம்பையா தலையை அசைத்தார்.

"இவருக்குப் புகைக்கத் தெரியவே தெரியாது."

"அப்படியானால் பொய்ச் சாட்சி" என்றார் நல்லையா வருத்தத்தோடு. "ஹாஜியார், உங்களைப் போன்ற நேர்மையான மனிதரிடம் இதை நான் எதிர்பார்க்கவில்லை. புகைக்காத ஒருவர் அரசாங்கத்தின் முன் வந்து புகைக்கிறேன் என்று சொல்வது எவ்வளவு பெரிய மோசடி! வயதைக் கருதி இன்னொரு தவணை தருகிறேன்."

ஊரில் பழக முடியாது. வீட்டில் பழகவே முடியாது. ஆகவே ஹாஜியார் தோட்டத்துக்குக் கடன் வசூலிக்கப் போவதுபோல் ஒவ்வொரு மாலையும் ரெங்கசாமியின் லயத்துக்குப் போனார். ரெங்கசாமி பயிற்சி முடிந்து, முழங்கை உரிந்து, வாசலில் குந்திப் பீடி ஊதிக்கொண்டிருப்பான்.

"ஒங்களுக்கு எதுக்குங்க மொதலாளி இந்தக் கருமம்?"

"நீ சொல்லித் தா. கேள்வி கேட்காத."

"மொதல்ல நெஞ்சுக்குள்ள விடாதீங்க. வாயிலேயே வச்சு விடுங்க. ஆமாங்க, அப்பிடி. இப்ப கொஞ்சம் உள்ள. ஐயோ, தண்ணி, தண்ணி குடிங்க!"

ரெங்கசாமியின் மனைவி கதவோரம் நின்று வாயைப் பொத்திச் சிரித்தாள். "பெரிய மனுசருக்கு இதெல்லாம் பழக்கிவிடுறியே, ஒனக்குப் பாவம் சுத்தாதா?"

"நான் எங்க பழக்குறேன்? கவுருமெண்டு பழக்குது."

சில நாட்களில் இருமல் நின்றது. சில வாரங்களில் சுருட்டின் சாம்பலைச் சுண்டுவதில் ஹாஜியாருக்கு ஒரு நிதானம் வந்தது. அதற்குப் பிறகு ஒரு மாலை, மழையால் தோட்டத்துக்குப் போக முடியாமல் கடையில் அமர்ந்திருந்தபோது, தம் கை தானாகவே சிப்பத்தின் பக்கம் நீள்வதைப் பார்த்தார். தம்முடைய கையை வேறு யாரோ ஒருவரின் கையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். மறு கையால் அதைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார். அன்று அவர் நெடுநேரம் தொழுகைப் பாயில் அமர்ந்திருந்தார். ஸுபைரா ஜன்னலைத் திறந்துவிட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காததுதான் அவருக்குத் தாங்கவில்லை.

இரண்டாவது தவணையன்று அவர் குழுவின் முன் நிமிர்ந்து அமர்ந்து, சுருட்டைப் பற்றவைத்து, முடியும்வரை குடித்தார். ஒரு முறையும் இருமவில்லை. தம்பையா அவருடைய கோட்டை வாங்கி மேசையில் விரித்து உறிஞ்சினார், உருட்டினார், துப்பினார்.

"அதே யாழ்ப்பாணத்து இலை. பிள்ளையின் சட்டையில் இருந்தது இதுதான். பரம்பரை பொருந்துகிறது."

நல்லையா எழுந்து கைகுலுக்கினார். "ஹாஜியார், இன்று இந்த நிலையத்தின் பொன்னாள். ஒரு விஷயத்தை விசாரித்து முடிவுக்குக் கொண்டுவந்திருக்கிறோம். உங்கள் மகனை நாளையே அனுப்புங்கள், தொட்டியில் இறக்கிவிடுகிறோம். நீங்கள் மட்டும் புகைப்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். இந்த வயதில் நுரையீரலுக்குக் கூடாது." கூடவே ஒரு நிபந்தனையும் சொன்னார். பலகையில் ஷுக்ரியின் பெயரை அழித்துத் தகப்பன் பெயரை எழுதுவார்கள். பயிற்சி முடியும்வரை அது அங்கே தெளிவாக இருக்க வேண்டும். நிலையத்துப் பரிசோதகர் பலகையைப் பார்க்க வரும் நாளில் பெயர் வாசிக்க முடியாமல் இருந்தால், புகைக்குச் சொந்தக்காரர் இல்லை என்று பொருள். அப்போது அது எந்தச் சட்டையில் கண்டுபிடிக்கப்பட்டதோ அந்தச் சட்டைக்குத் திரும்பிப் போய்விடும்.

மறுநாள் காலையில் பஸார் முனையில் பெயர் மாறியிருந்தது. "புஹாரி ஹாஜியார். புகையிலை வியாபாரி. பழைய புகைக்காரர்." அதே அழகான கையெழுத்து. அன்று பரிசோதகர் வரும் நாள், சந்தை நாளும்கூட. ஹாஜியார் கடையைச் சாத்திவிட்டு, கோட்டும் தொப்பியும் அணிந்து, பலகைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். வாசித்துவிட்டுத் திரும்புகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வதற்கு முன், தாமே முந்தி ஸலாம் சொன்னார். சிலர் பதில் சொன்னார்கள். சிலர் பஸ் வந்துவிட்டதுபோல் ஓடினார்கள்.

மத்தியானத்துக்குப் பிறகு மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. முதல் துளி பலகையில் விழுந்து, சோக்கட்டி எழுத்தில் ஒரு கறுப்புக் கோடு இழுத்தது. ஹாஜியார் குடையை விரித்துப் பலகைக்கு மேலே பிடித்தார். பலகை அகலம், குடை ஒருவருக்கு உரியது. அவர் குடைக்கு வெளியே நின்றார். மழை கொட்டிற்று. தொப்பியிலிருந்து கழுத்துக்குள் தண்ணீர் இறங்கிற்று. கடைகளின் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றவர்கள் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"ஹாஜியாருக்கு மூள கொழம்பிட்டுது" என்று ஒருவர் சொன்னார். "கெட்ட பேர் அழியட்டும்னு தானே மனுசன் பாப்பான்?"

பண்டாரவளை பஸ்ஸிலிருந்து இறங்கிய ஸரூக் ஹாஜியார், தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு நேரே அங்கே வந்தார். பலகையை ஒரு தரம் வாசித்தார். நனைந்து நின்ற மனிதரைப் பார்த்தார். மறுபடியும் வாசித்தார்.

"மகன்ட பேர் இல்ல."

"இல்ல."

"இது உண்மையா?"

புஹாரி ஹாஜியாரின் கோட்டிலிருந்து ஈரத்தோடு சேர்ந்து சுருட்டு மணம் வீசிற்று. அது இப்போது பொய் இல்லை.

"ஓம்" என்றார்.

ஸரூக் தலையை ஆட்டினார். "மறைக்காம எழுதிப் போட்டுப் பக்கத்துல நிக்கிறீங்க. மூத்தவள்ட வீட்டுக்காரங்களுக்கு இந்தக் கொணம் இருக்கல்ல. பிள்ளைக்கு நான் மகளத் தாறேன்." இரண்டடி போனார். நின்றார். முகத்தைத் திருப்பாமலே சொன்னார்: "கலியாணப் பேச்சுக்கு உங்கட தம்பிய அனுப்புங்க. நீங்க வாறது சரியில்ல. நாங்க புகை குடிக்காத குடும்பம்."

"நல்லது" என்றார் புஹாரி ஹாஜியார்.

ஸரூக் தாழ்வாரத்தில் நின்றவர்களோடு போய்ச் சேர்ந்துகொண்டார். அங்கே யாரோ ஏதோ சொன்னார்கள், எல்லோரும் சிரித்தார்கள். ஸரூக்கும் சிரித்தாரா என்று ஹாஜியாரால் பார்க்க முடியவில்லை. திரும்பினால் குடை சாயும். காற்று மாறி, மழை பக்கவாட்டிலிருந்து அடித்தது. அவருடைய பெயரின் கடைசி எழுத்து கரையத் தொடங்கிற்று. பரிசோதகரின் வண்டி இன்னும் வரவில்லை. ஹாஜியார் முதுகை நிமிர்த்தி, மழை வந்த பக்கத்தில் பலகைக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, எழுத்துகளின் மேல் குடையைத் தாழ்த்திப் பிடித்தார்.